பாலும் சாந்தும்: நீர்காப்புப் பூச்சின் வரலாற்றில் ஒரு நோக்கு

இரத்தினபுரி மாவட்டத்தில் பெல்மடுல்லையிலிருந்து எம்பிலிப்பிட்டியவை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலை, காவத்தையைக் கடந்து கொடகவெலவை அடையும் பகுதியில், இலங்கையின் இருவேறு பருவநிலைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. ஆண்டொன்றுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் ஈரவலயம் ஒருபுறம். 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழைபெறும் உலர்வலயம் மறுபுறம். தென்மேற்கே இறக்குவானை மலைகள் எழுகின்றன. தென்கிழக்கே வளவை கங்கையின் சமவெளி விரிகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுகளிலே தேயிலையும் இறப்பரும் பயிராகின்றன. அவற்றை நம்பி வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், சிங்களக் கிராமங்களின் நடுவே, சிறுசிறு தோட்டங்களிற் சிதறி வாழ்கின்றன.

இத்தகைய நிலத்தில் ஒரு சுவருக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ பூசப்படும் சாந்து ஓராண்டிற்குள்ளேயே இருவகைச் சோதனைக்கு உள்ளாகின்றது. மழை மாதங்களில் அது உலர்வதற்கு இடமில்லை. வறண்ட காற்று வீசும் மாதங்களில் அது ஈரத்தைத் தக்கவைப்பதற்கு வழியில்லை. எனவே நீர் ஒழுக்கைத் தடுக்கும் பூச்சுக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இப்பிரதேசம் இயற்கையே அமைத்துவைத்த பரிசோதனைக்களம் எனலாம்.

நீர்காப்பு என்றதும் 'எதைப் பூசுவது?' என்ற வினாவே பெரும்பாலும் எழுகின்றது. ஆனால் சாந்தின் நீண்ட வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு மற்றொரு வினாவே முதன்மையானதாகத் தோன்றும்: 'பூசிய பின் அதனை எத்தனை நாள், எவ்வாறு பேணுவது?' பூசப்பட்ட சாந்து தன் முழு வலிமையையும் பெறும்வரை அதன் ஈரத்தையும் வெப்பத்தையும் அறிந்து பேணும் இச்செயலை 'முதிர்வித்தல்' எனக் கொள்ளலாம். சீமெந்தோடு பல்பகுதியப் பால்மங்களைக் கலந்து ஆக்கப்படும் இக்கால நீர்காப்புப் பூச்சுக்களில் வெற்றியையும் தோல்வியையும் பெரிதும் தீர்மானிப்பது இம்முதிர்வித்தலேயாகும். அதன் வரலாறு சப்பிரகமுவையின் இறப்பர்த் தோட்டங்களோடு நெருங்கிய தொடர்புடையது என்பது பலர் அறியாத செய்தி.

பண்டைக் கட்டடக்கலையும் பிசின்களும்

கனிமப் பொருளோடு உயிர்ப்பொருளைக் கலந்து நீரைத் தடுக்கும் முயற்சி மிகப் பழைமையானது. உரோம அறிஞராகிய மூத்த பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாற்று நூலில், சுண்ணாம்பைத் திராட்சை மதுவில் நீற்றி, பன்றிக்கொழுப்பும் அத்திப்பழமும் சேர்த்து இடித்த ஒருவகைச் சாந்தைப் பற்றிக் கூறுகின்றார். அவருக்கு முற்பட்ட விற்றுருவியசு என்னும் கட்டடக்கலை அறிஞர், திறந்த வெளியில் அமைந்த தளங்களுக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தின் முன்னர் ஒலிவ எண்ணெய்க் கசடு ஊட்டவேண்டும் என விதித்தார். சீனத்திலே பசையரிசிக் கஞ்சி சுண்ணாம்போடு கலக்கப்பட்டது.

இலங்கையில் இதற்குரிய சான்று மகாவம்சத்திற் காணப்படுகின்றது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் துட்டகைமுனு அநுராதபுரத்தில் மகாதூபத்தை எழுப்பியபோது இட்ட அத்திவாரத்தை அந்நூலின் இருபத்தொன்பதாம் அதிகாரம் விரிவாக வருணிக்கின்றது. உடைத்துப் பரப்பிய கற்களை, தோலாற் கால்கட்டிய யானைகளைக் கொண்டு மிதிப்பித்து, அவற்றின்மேல் வெண்ணெய்க்களிமண்ணும், செங்கல்லும், சாந்தும் படைபடையாக இடப்பட்டன. அதன்மேல் செப்புத்தகட்டைப் பதிக்கும்போது, செவ்விளநீரிற் கரைத்த விளாம்பிசின் பயன்படுத்தப்பட்டது என அந்நூல் கூறும். இவ்வருணனையிற் காவியப் புனைவு கலந்திருத்தல் கூடும். ஆயினும், கட்டடத்தின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கப் பிசின் உதவும் என்ற எண்ணம் அந்நூல் இயற்றப்பட்ட காலத்தில் நிலவியது என்பதற்கு இது போதிய சான்றாகும். விளாம்பிசின் இன்றைய வேதியியலார் பல்பகுதியம் என வகுக்கும் பொருள்களுள் ஒன்றேயாம்.

தமிழகத்துக் கொத்தர் மரபில் கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சுண்ணாம்புச் சாந்தோடு சேர்க்கப்பட்டன. மெருகுப் பூச்சுக்கு முட்டை வெண்கரு சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிற் சென்னைக்கு வந்த ஐரோப்பியர் பளிங்கோ என வியந்த சுண்ணப்பூச்சு இதுவே. இம்மரபின் உயிர்நிலை பொருளில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. மாடித்தளம் அமைக்கும்போது செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, மரத்தட்டுப்பலகைகளால் நாட்கணக்காக அடிப்பர். அடிக்குந்தோறும் கடுக்காய் நீரும் வெல்லநீரும் தெளிப்பர். பலகை பட்டுத் தெறிக்கும் ஓசையும், கலவையின் இறுக்கமுமே வேலை முடிந்ததற்கு அடையாளம். அதன் பின்னரும் தளத்தை ஈரமாகவே பல நாட்கள் பேணுவர். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொண்டு இறுகுவதற்கு நீண்ட காலம் தேவை. அக்காலத்தை எவரும் சுருக்க முயலவில்லை. வேலையின் ஒரு பகுதியாகவே அது கருதப்பட்டது.

சீமெந்தும் ஈரச்சாக்கும்

1756ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயின் எடிசுற்றன் பாறையில் வெளிச்சவீடு கட்டும் பொறுப்பை ஏற்ற யோன் சிமீற்றன், நீருக்கடியிலும் இறுகும் சுண்ணாம்பைத் தேடிப் பல பரிசோதனைகளை நிகழ்த்தினார். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லிலிருந்து பெறும் சுண்ணாம்பே அத்தகையது என அவர் கண்டார். இவ்வழியே சென்ற தேடலின் விளைவாக 1824இல் யோசேப்பு அசிப்புடின் 'போட்லண்ட் சீமெந்து' என்ற பெயரில் உரிமைக்காப்புப் பெற்றார். இலங்கையில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் இயங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மலையகத்துக் கட்டடங்களாக மாறிய காலம் அது. போர்ச்சூழலால் 1990இல் அவ்வாலை மூடப்பட்டது.

சீமெந்து இறுகுதல் உலர்வதனால் நிகழ்வதன்று. நீரோடு கூடி நிகழும் வேதித்தாக்கத்தினால் நிகழ்வது. இதனை நீரேற்றம் என்பர். சூழலின் சாரீரப்பதன் ஏறத்தாழ 80 சதவீதத்திற்குக் கீழே இறங்கும்போது இத்தாக்கம் பெரிதும் தளர்ந்துவிடும். ஆகவே புதிய சாந்தைக் குறைந்தது ஏழு நாட்களாவது நனைவாக வைத்திருத்தல் வேண்டும் என்ற விதி உருவாயிற்று. அதன் வலிமையை 28ஆம் நாளில் அளக்கும் வழக்கமும் நிலைபெற்றது. கொங்கிறீற்றுத் தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் தேக்குவதும், தூண்களைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டுவதும் இந்த விதியின் வெளிப்பாடுகளே. கொத்தர் வழக்கில் இதற்குத் 'தண்ணீர் காட்டுதல்' என்று பெயர். அழகிய பெயர்தான். ஆனால் முதிர்வித்தல் என்றாலே நீர் ஊற்றுதல்தான் என்ற எண்ணத்தை அப்பெயர் மனத்தில் ஆழப் பதித்துவிட்டது. பின்னர் தோன்றிய பல்பகுதியச் சீமெந்துக்கு இவ்வெண்ணமே இடையூறாயிற்று.

சீமெந்துச் சாந்து எத்துணை நன்கு முதிர்ந்தாலும் அது இழுவிசைக்கு ஈடுகொடாது. வெயிலில் விரிந்து மழையிற் சுருங்கும் சுவரில் மயிரிழை வெடிப்புக்கள் தோன்றுகின்றன. அவற்றினூடே நீர் புகுகின்றது. சீமெந்துக்கு நெகிழ்ச்சியை ஊட்டுவது எவ்வாறு என்ற தேடலே அதனை மரப்பாலிடம் கொண்டுசென்றது.

மரப்பால் சீமெந்தோடு கூடிய கதை

1876இல் என்றி விக்கம் பிரேசிலிலிருந்து எடுத்துச்சென்ற ஏறத்தாழ எழுபதினாயிரம் இறப்பர் விதைகளுள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை சிலவே. அவற்றுட் பெரும்பாலான கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்களின் சரிவுகள் இறப்பர்க் காடுகளாயின. முதலாம் உலகப்போரின் பின்னர் இறப்பர் விலை வீழ்ந்தது. 1922 நவம்பரில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட மலாயாவிலும் இலங்கையிலும் இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சிற்றீவன்சன் திட்டம் நடைமுறைக்கு வந்தது, 1928வரை நீடித்தது. மிகுந்துநின்ற இறப்பருக்குப் புதிய பயன் எங்கே என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது.

அக்காலத்திலேதான், 1923இல், கிரெசன் என்பவர் பிரித்தானியாவில் ஓர் உரிமைக்காப்பைப் பெற்றார். வீதித்தளப் பொருளில் இயற்கை இறப்பர்ப் பாலையும், அதனை நிரப்பும் பொருளாகச் சீமெந்தையும் சேர்ப்பது அதன் சாரம். மறு ஆண்டில், 1924இல், இலெவபியூர் என்பவர் பெற்ற உரிமைக்காப்பு ஒருபடி மேற்சென்றது. சீமெந்துச் சாந்தையே அடிப்படையாகக் கொண்டு, அதனைத் திருத்துவதற்கு இறப்பர்ப் பாலை அளவறிந்து சேர்க்கும் முறையை அது கூறியது. இன்று உலகெங்கும் வழங்கும் பல்பகுதியச் சீமெந்து என்னும் கருத்தின் தொடக்கமாக ஆய்வாளர் கொள்வது இதனையே.

ஆயினும் மரப்பாலும் சீமெந்தும் எளிதிற் கூடிவிடவில்லை. மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இறப்பர்; எஞ்சியது பெரும்பாலும் நீர். இறப்பர்த் துணிக்கைகள் தம்முள் ஒட்டாதவாறு புரதப் போர்வையொன்று அவற்றைக் காத்துநிற்கின்றது. சீமெந்திலிருந்து வெளிப்படும் கல்சிய அயன்கள் அக்காவலைக் குலைக்கின்றன. பால் அப்பொழுதே திரைந்துவிடுகின்றது. உறைநிறுத்தும் பொருள்களைச் சேர்த்தே இதனைத் தவிர்க்க முடிந்தது. வெயிலிலும் காற்றிலும் இயற்கை இறப்பர் நாளடைவில் நொய்ந்துபோதலும் மற்றொரு குறையாயிற்று.

1932இல் செயற்கை இறப்பர்ப் பாலும், 1933இல் செயற்கைப் பிசின் பால்மமும் சீமெந்துக்கு உரியனவாக உரிமைக்காப்புப் பெற்றன. பின்னர் வந்த இரண்டாம் உலகப்போர் இக்கதையின் போக்கையே மாற்றிற்று. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானதும் நேசநாடுகளின் இயற்கை இறப்பர்த் தேவையைப் பெரிதும் இலங்கையே தாங்கவேண்டியதாயிற்று. நாளைய பாலை எண்ணாது மரங்கள் மிகையாக வெட்டப்பட்டன. அதே வேளையில் அமெரிக்காவில் சிற்றைரீனும் பியூற்றாடையீனும் கூடிய செயற்கை இறப்பர் பேரளவில் உற்பத்தியாயிற்று. போர் முடிந்த பின் அச்செயற்கைப் பால்மமே சீமெந்தின் துணையாயிற்று. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பாலங்களின் மேற்தளங்களில் அது பூசப்பட்டது. சப்பிரகமுவையின் மரப்பால் தொடங்கிவைத்த கலையை, அம்மரப்பாலுக்கு மாற்றாகப் பிறந்த பொருளே கைப்பற்றிக்கொண்டது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

செயற்கைப் பொருள்களும் தம் பாடங்களைக் கற்பிக்காமல் விடவில்லை. பொலிவைனைல் அசற்றேற்று மலிவானது. சுவரோடு நன்கு ஒட்டுவது. ஆனால் சீமெந்தின் கடுங்காரச் சூழலில் ஈரம் தொடர்ந்து நிலவினால் அது சிதைந்து வலிமை இழக்கின்றது. உலர்ந்த அறையில் நற்பெயர் பெற்ற பூச்சு நனையும் சுவரில் உரிந்து விழுந்ததற்குக் காரணம் இதுவே. எதிலீனையும் அக்கிரிலிக்கையும் கொண்ட பால்மங்கள் அதனைப் பின்தள்ளி முன்வந்தன. ஆயினும் எந்தப் பால்மத்தைத் தெரிந்தாலும் ஒரு வினா எஞ்சியே நின்றது: அதனை நனைப்பதா, உலர்த்துவதா?

ஒரு பூச்சில் இரு முதிர்வுகள்

இவ்வினாவுக்கு விடைகாண உழைத்தோருள் ஜப்பானிய அறிஞர் யொசிகிக்கோ ஓகாமா முதன்மையானவர். சீமெந்தும் பல்பகுதியமும் சேர்ந்து ஒரே உடலாகும் முறையை அவர் மூன்று படிகளில் விளக்கினார். முதற்படியில் சீமெந்து நீரேற்றம் பெறுகின்றது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய பல்பகுதியத் துணிக்கைகள் சீமெந்து மணிகளின்மீது படிகின்றன. இரண்டாம் படியில் நுண்டுளைகளில் இருந்த நீர் குறையக் குறைய, துணிக்கைகள் நெருங்கி அடர்ந்த படையாகின்றன. மூன்றாம் படியில் எஞ்சிய நீரும் நீங்க, அவை ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியான மென்படலமாகின்றன. அப்படலமே வெடிப்புக்களின் குறுக்கே பாலமாக நின்று நீரைத் தடுப்பது. 2005இல் பெல்ஜிய, ஜேர்மானிய, ஜப்பானிய, போலந்து ஆய்வாளர் கூடி வெளியிட்ட ஒருங்கிணைந்த விளக்கமும் முதிர்வித்தலின் நிலைமைகளுக்கு இதில் உரிய இடத்தை வற்புறுத்துகின்றது.

ஆக, ஒரே பூச்சில் இரண்டு முதிர்வுகள் நிகழ்கின்றன. அவை ஒன்றுக்கொன்று எதிரானவற்றைக் கேட்கின்றன. சீமெந்து நீரைக் கேட்கின்றது. பல்பகுதியம் நீர் விலகுவதைக் கேட்கின்றது. இரண்டையும் ஒரே வேளையில் நிறைவேற்றுதல் இயலாது. ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றலாம். முதலில் ஈரம், பின்னர் உலர்வு என்பதே ஆய்வுகள் கண்ட முறை. ஜப்பானியத் தரச்சோதனையில் பல்பகுதியச் சாந்து இரண்டு நாள் ஈரக்காற்றிலும், ஐந்து நாள் நீரிலும், இருபத்தொரு நாள் 60 சதவீதச் சாரீரப்பதன் கொண்ட உலர்காற்றிலும் வைக்கப்படுகின்றது. அமெரிக்கப் பாலத்தளங்களில் ஓரிரு நாட்கள் ஈரச்சாக்கும் பொலித்தீன் விரிப்பும் இட்டு மூடி, பின்னர் அவற்றை நீக்கிக் காற்றில் உலரவிடுவர்.

உலரவிட்டால் சீமெந்து பட்டினி கிடவாதோ என்ற ஐயம் எழலாம். படலம் உருவாகத் தொடங்கியதும் அது நீரை வெளியேறவிடாது உள்ளே பெருமளவு தக்கவைக்கின்றது. அந்நீரைக்கொண்டு நீரேற்றம் மெல்ல மெல்லத் தொடர்கின்றது. தன் படலமே தனக்கு ஈரச்சாக்காகும் இவ்வியல்புதான், சாதாரணச் சாந்துக்குத் தீங்கான உலர்வை இதற்கு நன்மையாக்குகின்றது.

இம்முறை பிறழும்போது நேர்வன யாவை? முதல் நாட்களிலேயே மழை பொழிந்தால், அல்லது வழக்கப்படி ஏழு நாளும் நீர் ஊற்றப்பட்டால், துணிக்கைகள் கூடாது தனித்தனியே நிற்கும். சில வேளைகளில் பால் மீண்டும் கரைந்து வெண்ணீராக வழிந்தோடும். அத்தகைய பூச்சு பார்வைக்கு இறுகியிருந்தாலும் இழுத்தால் நீளாது; சுவரோடு உறுதியாக ஒட்டாது. மாறாக, நண்பகல் வெயிலிற் காய்ந்த தளத்தில், வறண்ட காற்று வீசும்போது பூசினால், நீரேற்றம் தொடங்குமுன்னரே நீர் ஆவியாகின்றது. மேற்பரப்பு தோல்போல விரைந்து மூடிக்கொள்ள, உள்ளே அகப்பட்ட நீர் கொப்புளமாகின்றது. சுருங்கல் வெடிப்புக்கள் விழுகின்றன. சீமெந்து மாவாகவே உதிர்கின்றது. குளிர்நாடுகளில் வேறொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு பால்மத்துக்கும் படலமாவதற்குரிய மிகக் குறைந்த வெப்பநிலையொன்று உண்டு. அதற்குக் கீழே எத்தனை நாள் காத்திருந்தாலும் படலம் உருவாகாது.

பல்பகுதியத்தின் அளவும் இங்கே கருதத்தக்கது. திருத்திய சாந்துகளில் அது பொதுவாகச் சீமெந்தின் நிறையில் 5 முதல் 20 சதவீதம்வரை சேர்கின்றது. நெகிழும் நீர்காப்புப் பூச்சுக்களில் 50 சதவீதத்திற்கும் மேலாகலாம். அளவு கூடக்கூடப் பூச்சின் குணம் சீமெந்தைவிட்டு இறப்பரை நெருங்குகின்றது. அதற்கேற்ப உலர்வின் தேவையும் கூடுகின்றது. தடித்த ஒரே பூச்சாக இடாமல், மெல்லிய இரண்டு பூச்சுக்களாக, முதலாவது காய்ந்த பின்னர் அதற்குக் குறுக்காக இரண்டாவதை இடுக என்று விதிப்பதன் காரணம் இதுவே. தொட்டியாயின் பூச்சு முடிந்த கையோடு நீர் நிரப்பாமல் ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருத்தல் வேண்டும்.

தோட்டத்தின் அறிவும் லயத்தின் ஒழுக்கும்

இறப்பர்த் தோட்டத்தில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை முற்றிலும் புதிதன்று. விடியற்காலைக் குளிர்ச்சியில் பட்டையைச் சீவிச் சிரட்டையிற் சொட்டவிடும் பாலுக்கு மழை பகை என்பதைப் பால்வெட்டும் பெண் அறிவாள். மழை பெய்தால் பால் நீரோடு கலந்து மரத்தின்வழியே ஓடிவிடும். வெட்டில்லாத அந்நாள் வருமானமில்லாத நாளுமாகும். சேர்த்த பாலுக்குத் தொழிற்சாலையில் நீர் கலந்து, போமிக்கமிலம் இட்டு உறையவைத்து, உருளைகளினிடையே அழுத்தித் தகடாக்கி, நீர்வடிய விட்டு, புகைக்கூடத்தில் நாட்கணக்காக உலர்த்துவர். அரைகுறையாக உலர்ந்த தகட்டில் வெண்புள்ளி நின்றுவிடும்; பூஞ்சணமும் படரும். பாலை உலர்த்துதற்குக் காலம் வேண்டும் என்பதைப் புகைக்கூடம் அறியும். சாந்தை நனைத்தற்குக் காலம் வேண்டும் என்பதை மேசன் அறிவான். பல்பகுதியச் சீமெந்து கேட்பது இவ்விரண்டு அறிவும் ஒருங்கு சேர்வதனையே. ஒரே தோட்டத்தில் அருகருகே இருந்தும் இவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

சந்திக்காததன் விளைவை லயத்தின் சுவர்களிற் காணலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்களை நெடுவரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகு பொருந்த அமைத்த லயங்கள் கோப்பிக் காலத்திலிருந்து தோட்ட வாழ்வின் அடையாளமாயின. கூரை முதலிற் புல்லும் ஓலையுமாக இருந்து பின்னர் தகரமாயிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், ஆயினும் பல லயங்களின் சுவர்கள் மாறவில்லை. நிலத்தின் ஈரம் மேலேறாது தடுக்கும் படை இல்லாத அத்திவாரத்தினூடே நீர் சுவரிலேறுகின்றது. மலைச்சரிவை அடுத்த பின்சுவரில் மண்ணீர் கசிகின்றது. ஈரச்சுவரின் அருகே பாய்விரித்து உறங்கும் குழந்தையின் இருமல் கட்டடப் பொறியியலின் கணக்கில் இடம்பெறுவதில்லை.

நீர்காப்புப் பூச்சு இவை அனைத்துக்கும் மருந்தன்று. ஆணித்துளை அகன்ற தகரத்தைப் பூச்சு காக்காது. தகரத்தையே மாற்றுதல் வேண்டும். மலைப்பக்கத்துச் சுவருக்கு நீர்வரும் வெளிப்புறத்திலேயே பூசுதல் வேண்டும். வடிகாலும் வெட்டுதல் வேண்டும். உட்புறத்தில் மட்டும் பூசினால் உள்ளிருந்து தள்ளும் நீர் பூச்சையே உரித்துவிடும். ஆனால் தண்ணீர்த்தொட்டி, கழிவறைத் தரை, கொங்கிறீற்றுப் பீலி, புதிய வீடுகளின் தட்டையான தளம் ஆகியவற்றுக்குப் பல்பகுதியச் சீமெந்து தக்க துணையாகும். அதற்கு உரிய நாட்களை வழங்கினால் மட்டுமே.

அந்நாட்கள் நாட்காட்டியில் எங்கே உள்ளன? சப்பிரகமுவையில் மே முதல் செத்தெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகின்றது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடைப்பருவ மழை கொட்டுகின்றது. சனவரியும் பெப்ரவரியுமே ஓரளவு வறண்ட மாதங்கள். அரச நிதியாண்டோ திசெம்பரோடு முடிகின்றது. ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடியுமுன் செலவிடவேண்டும் என்ற அவசரத்தில் திருத்தவேலை ஒக்டோபரிலோ நவம்பரிலோ மேற்கொள்ளப்படுமாயின், உலர்வு தேவைப்படும் பூச்சு ஆண்டின் மிக ஈரமான வாரங்களில் இடப்படும். அடுத்த ஆண்டு அது உரியும்போது குற்றம் பொருளின்மீதோ மேசனின்மீதோ சுமத்தப்படும்; நாட்காட்டியின்மீது எவரும் சுமத்துவதில்லை. மழைக்காலத்திற் செய்தே ஆகவேண்டுமெனின், தாழ்வாரமாகத் தகரமோ பொலித்தீனோ கட்டி மழையை மறைத்து, காற்று மட்டும் உலாவ இடம்விடுதல் வேண்டும். வறண்ட மாதங்களிலோ, பூசுமுன் தளத்தை நனைத்து, மாலை நேரத்திற் பூசி, முதல் ஓரிரு நாட்கள் மூடிவைத்தல் வேண்டும். கொடகவெலவைப் போன்ற எல்லைநிலத்தில் இரண்டு முறைகளையும் பருவமறிந்து கைக்கொள்ளுதல் இன்றியமையாதது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, நீர்காப்புச் சாந்தின் வரலாறு பொருள்களின் வரலாறு மாத்திரமன்று; காத்திருத்தலின் வரலாறுமாகும். விளாம்பிசினும் கடுக்காயும் மரப்பாலும் செயற்கைப் பால்மமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை எவற்றுக்கும் நாட்கள் தேவைப்பட்டன. மாடித்தளத்தை நாட்கணக்காக அடித்த பழங்கொத்தர் அந்நாட்களையும் வேலையோடு சேர்த்து எண்ணினர். இன்றைய ஒப்பந்தங்கள் பூச்சின் பரப்பை எண்ணுகின்றன. பெட்டிகளின் தொகையை எண்ணுகின்றன. முதிர்வதற்குரிய நாட்களையும் அவற்றோடு எண்ணுதல் வேண்டும். ஒப்பந்தத்தில் அந்நாட்கள் எழுதப்பட்டு, அவற்றுக்குரிய மேற்பார்வைக் கூலியும் குறிக்கப்படின், லயத்துத் தொட்டியொன்று ஆண்டுகள் பல ஒழுகாது நிற்கும்.

மொழியின் பங்கும் இதில் உண்டு. 'தண்ணீர் காட்டுதல்' என்ற சொல் சீமெந்துக்கு உரியதாய் நின்று நன்கு பணிபுரிந்தது. பல்பகுதியச் சீமெந்துக்கு அதனோடு 'காற்றுக் காட்டுதல்' என்பதையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் தமிழ் வழங்கும் வேலைத்தலங்களில் உருவாதல் வேண்டும். பூச்சுப் பெட்டியின் அறிவுறுத்தல்கள் மேசன்மார்க்கு விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும் அமைதல் வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிகளின் பாடங்களில் இவ்விரு முதிர்வுகளும் தெளிவாகக் கற்பிக்கப்படல் வேண்டும். மரத்தைச் சீவிப் பால் எடுத்து உலகுக்கு வழங்கிய மக்களின் வீட்டுச் சுவர்கள், அப்பால் தொடங்கிவைத்த அறிவின் பயனை இனியேனும் பெறுதல் நீதியாகும்.